இடைவேளையில் ஓட்டெடுப்பு

கிர்க்பெக் ரக்பி லீக் கிளப்பின் செயலாளராக நான் செய்த புத்திசாலித்தனமான காரியம் எது என்று கேட்டால் கொஞ்சம் அவகாசம் கேட்பேன். முட்டாள்தனமான காரியம் எது என்று கேட்டால், ஊரில் பால் வாங்கப் போகிற யாரும் நின்று பதில் சொல்லிவிட்டுப் போவார்கள். மைதானத்தை விற்பதா வேண்டாமா என்ற ஓட்டெடுப்பை பக்கத்து ஊர்ப் பகையாளி ரெல்பியோடு ஆடும் ஆட்டத்தின் இடைவேளையில் வைத்தேனே, அதுதான்.

கடலோரமாக, டயர் கிடங்குக்கும் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் நடுவில், கவுன்சில் ஒரு விளையாட்டு வளாகம் கட்டியிருந்தது. தட்டையான செயற்கைப் புல், கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வரும் குளியலறை, ஒழுகாத கூரை. எங்கள் மைதானமான தார்னி ஹில்லை வீடு கட்டுகிற கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் அங்கே குடிபோகலாம் என்று ஒரு யோசனை வந்தது. கொண்டுவந்தவர் எங்கள் தலைவர் க்ளெனிஸ் டைசன். பல வருஷம் இந்த வட்டாரத்தின் நர்ஸாக இருந்தவர். ஊரில் பாதிப் பேருக்கு ஊசி போட்டவர். அவர் பேச ஆரம்பித்தால் அந்தப் பாதிப் பேர் தங்களை அறியாமல் சட்டைக் கையை மடித்துவிடுவார்கள்.

தார்னி ஹில்லைப் பற்றி அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. ஒரு முனை மேட்டில், மறுமுனை பள்ளத்தில். பந்தைக் கீழே வைத்துவிட்டுத் தும்மினால் அது கடலைத் தேடிப் புறப்பட்டுவிடும். ரெல்பிக்காரர்கள் எங்களை மலையாடுகள் என்பார்கள். தட்டையான தரையில் நடக்கத் தெரியாதவர்கள் என்பார்கள். பார்வையாளர் மாடத்தின் கூரையில் ஓட்டையை எண்ணுவதைவிடக் கூரையை எண்ணுவது சுலபம். இதையெல்லாம் நான் சிரித்துச் சமாளித்துவிடுவேன். சமாளிக்க முடியாதது க்ளெனிஸ் கேட்ட ஒரு கேள்வி.

"பொண்ணுங்க டீம் இரும்பு கன்டெய்னருக்குள்ள நின்னு துணி மாத்துது, ரெக். கப்பல்ல வாழைப்பழம் வந்த கன்டெய்னர். இன்னும் அந்த வாசனை போகல. இதுக்கு உங்ககிட்ட என்ன பதில் இருக்கு?"

செயலாளர் அறையில் ஹீட்டர் இருக்கிறது என்பதை அந்த நேரத்தில் நினைவுபடுத்துவது பொருத்தமாகப் படவில்லை.

என் பக்கம் இருந்த வாதம் ஒன்றே ஒன்று. தார்னி ஹில் எங்களுடையது. வளாகத்தில் நாங்கள் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். பூப்பந்துக்காரர்கள் ஆடியது போக மிச்ச நேரம் எங்களுக்கு. தார்னி ஹில்லில் எங்களை எழுந்திரு என்று சொல்ல ஒருவருக்கும் உரிமை கிடையாது. போதாததற்கு, தார்னி ஹில்லைச் சுற்றி நாலு பக்கமும் வீடுகள். ஆட்டத்துக்கு வராதவர்கள்கூட வீட்டிலிருந்தபடியே கூச்சலின் நீளத்தை வைத்து ஸ்கோர் சொல்வார்கள். பக்கத்துத் தெரு பல் டாக்டர் கூச்சல் எழுகிற நேரம் பார்த்துத்தான் பல்லைப் பிடுங்குவார் என்று ஒரு பேச்சு உண்டு. இதைக் கமிட்டியில் உருக்கமாக எடுத்துச் சொன்னேன். பல் டாக்டரை வைத்து மைதானத்தைக் காப்பாற்ற முடியாது என்றார் க்ளெனிஸ். அதுவும் உண்மைதான்.

தபாலில் ஓட்டெடுப்பு நடத்தலாம் என்பது அவர் திட்டம். கிளப்பின் வக்கீல் தடுத்தார். கிளப்பை ஆரம்பித்தவர்கள் இரும்புச் சுரங்கத்து ஆட்கள், காகிதத்தை நம்பாதவர்கள். மைதானத்தைப் பற்றிய எந்த முடிவையும் உறுப்பினர்கள் மைதானத்தில் நின்றுதான் எடுக்க வேண்டும் என்று விதி எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அறுநூறு உறுப்பினர்களை ஒரே நேரத்தில் மைதானத்துக்கு எப்படி வரவழைப்பது என்று கமிட்டி மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு மின்னலடித்தது.

அவர்கள் எல்லாரும் தானாகவே வருகிற நாள் ஒன்று இருக்கிறதே, ரெல்பி ஆட்டம். இடைவேளையில் ஓட்டெடுப்பு. இங்கேயே இருக்கலாம் என்பவர்கள் மேல்முனையில் போய் நிற்க வேண்டும். வளாகம் கீழே கடலோரம் இருப்பதால், போகலாம் என்பவர்கள் கீழ்முனையில் நிற்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் புரியும். அந்தந்த முனையை எண்ணி முடிக்கும்வரை முனை மாறினால் ஓட்டு செல்லாது. சொல்லி முடித்துவிட்டு, கைதட்டலுக்கு இடம் விட்டு நிறுத்தினேன்.

க்ளெனிஸ் பேனா மூடியைக் கழற்றினார்.

"நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களா, ரெக்?"

"ஒரு வாரமா இதேதான் யோசன."

"அப்ப சரி" என்று எழுதிக்கொண்டார்.

எண்ணுவதற்கு நடுநிலையான ஆள் வேண்டும் என்று வக்கீல் பென்ஹாலிகனையே அமர்த்தினோம். தெற்கேயிருந்து வந்தவர். பதினைந்து பேர் ஆடுகிற அந்த இன்னொரு ரக்பியை ஆடி வளர்ந்தவர். எங்கள் ஆட்டத்தில் பதின்மூன்று பேர்தான். ஆகவே அவர் இங்கே யாருக்கும் சாதகமாக இருக்க வழியே இல்லை என்பது எல்லாருக்கும் நிம்மதி.

ஊர் இரண்டாகப் பிரிந்தது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு ஆளும் இரண்டாகப் பிரிந்தார். பப்பில் முதல் கிளாஸுக்குப் போகலாம் என்றவர் மூன்றாவது கிளாஸுக்கு இருக்கலாம் என்றார். மறுநாள் கூரை ஒழுகியதும் மறுபடி போகலாம் என்றார். என் மனைவி ஐரீன் எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியாது. ஓட்டு ரகசியம் என்றாள். ஊரே பார்க்க மைதானத்தில் போய் நிற்கப்போகிற ஓட்டில் என்ன ரகசியம் என்று கேட்டேன். போய் நிற்கிற வரைக்கும் ரகசியம் என்றாள்.

சனிக்கிழமை கடல் பக்கமிருந்து மழை படுக்கைவாட்டில் அடித்தது. எங்கள் ஊரில் இதற்கு நல்ல வானிலை என்று பெயர். ஒலிபெருக்கி அறையில் மைக் முன்னால் உட்கார்ந்திருந்தேன், அறிவிப்பாளரும் நான்தான். எங்கள் கேப்டன் லூக் மொசாப் டாஸ் ஜெயித்தான். குழாய் வேலை செய்கிறவன்; தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரிந்தவன். கிர்க்பெக் கேப்டன்கள் எப்போதும் கேட்பதையே அவனும் கேட்டான். முதல் பாதி மேட்டைப் பார்த்து மூச்சு முட்ட ஆடுவது, எதிரணி களைத்த பிறகு இரண்டாம் பாதி பள்ளத்தைப் பார்த்துப் பாய்வது. நான் அதைக் கம்பீரமாக அறிவித்தேன். ஐரீன் எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள்.

"ரெக், மொத பாதி நாம மேல பாத்துதான ஆடுறோம்?"

"எப்பவும் அப்படித்தான."

"அதனால நாங்க எல்லாரும் இப்ப மேல்முனைல நிக்கிறோம்."

"எப்பவும் அப்படித்தான."

"ரெண்டாவது பாதி கீழ பாத்து ஆடுவோம். அப்ப இடைவேளைல சங்கு ஊதுனதும் நாங்க எல்லாரும் எங்க நடப்போம்?"

டீ என் தொடையில் கொட்டியது. சூடு அப்புறம்தான் உறைத்தது.

நம்மவர்கள் எந்தக் கோல் கம்பத்தை நோக்கி ஆடுகிறார்களோ அதற்குப் பின்னால்தான் எங்கள் கூட்டம் நிற்கும். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தி, நாலு புள்ளி தருகிற ட்ரை அடிப்பது அங்கேதானே. இடைவேளைச் சங்கு ஊதியதும் மொத்தக் கூட்டமும் மேல்முனையை விட்டு, வழியில் இறைச்சி அடைத்த மீட் பை வாங்கிக்கொண்டு, கீழ்முனைக்கு இறங்கிவிடும். யாரும் முடிவு செய்து இறங்குவதில்லை. கால் இறங்கும், ஆள் கூடவே போவார். கீழ்முனைக் கைப்பிடிக் கம்பியில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. அப்பாவுக்குப் பிறகு மகள், மகளுக்குப் பிறகு அவள் பிள்ளை. ஐரீனின் இடம் கோல் கம்பத்துக்கு நேர் பின்னால். எங்கள் கல்யாணத்துக்கு அவள் அப்பா சம்மதித்ததே, அந்த இடத்தில் நான் ஒருநாளும் பங்கு கேட்கக்கூடாது என்ற நிபந்தனையில்தான்.

இப்போது நான் வைத்த ஓட்டெடுப்பின் அழகைப் பாருங்கள். மைதானம் வேண்டும் என்பவன், ரெல்பியுடனான இரண்டாம் பாதியில், தன் குடும்பத்து இடத்தை விட்டுவிட்டு, ஒன்றுமே தெரியாத தூர முனையில் மழையில் நிற்க வேண்டும். மைதானம் வேண்டாம் என்பவன் வழக்கம்போல் போய்த் தன் இடத்தில் நின்றால் போதும். கிர்க்பெக்காரனிடம் மைதானம் வேண்டுமா, அதில் உன் இடம் வேண்டுமா என்று கேட்டால் இடத்தைத்தான் கேட்பான். தார்னி ஹில்லை விற்கச் சொல்லி இதைவிட நல்ல ஏற்பாட்டை அந்த வீட்டுக் கம்பெனியே செய்திருக்க முடியாது.

க்ளெனிஸைத் தேடி ஓடினேன். முனைகளை மாற்றி அறிவித்துவிடலாம் என்று கெஞ்சினேன்.

"நல்லா யோசிச்சீங்களான்னு கேட்டேன்ல?"

"கேட்டீங்க. அப்பவே சொல்லியிருக்கலாம்ல, க்ளெனிஸ்."

"நான் எதிர்க்கட்சி, ரெக். கேட்டதே அதிகம்." குரலைத் தாழ்த்தினார். "ஊர் பூரா போஸ்டர் ஒட்டியாச்சு. இப்ப மாத்துனா, தோத்தவங்க நாளைக்குச் செல்லாதுன்னு கிளம்புவாங்க. ஜெயிக்கணும்னா ஜெயிங்க. ஆட்டத்த நடுவுல மாத்தாதீங்க."

பென்ஹாலிகன் இன்னும் மோசம். மைக்கில் நான் எழுதிக் கொடுத்த வாசகத்தைத் தவிர ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினாலும் பிரசாரம் என்று குறித்துக்கொள்வதாகச் சொன்னார். தார்னி ஹில் போனால் நான் இந்த ஊரில் தலைகாட்ட முடியாது. ஆஸ்திரேலியாவுக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் இதே ஆட்டம்தான் ஆடுகிறார்கள். எனக்கு முன்னால் கதை போய்ச் சேர்ந்திருக்கும்.

முதல் பாதியில் என்ன நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நான்தான் வர்ணனை செய்தேன் என்கிறார்கள். ரெல்பி எங்களைவிடச் சில புள்ளிகள் முன்னால் இருந்தது.

சங்கு ஊதியது. எழுதிய வாசகத்தை வாசித்தேன். இருக்க விரும்புபவர்கள் மேல்முனை, போக விரும்புபவர்கள் கீழ்முனை. காற்று அதில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. பதில் சொல்வது போல மேல்முனை அசைந்தது. முதலில் ஓரத்தில் நாலு பேர், அப்புறம் நடுவில், அப்புறம் மொத்தமும், காலர்களைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பேசிச் சிரித்துக்கொண்டு, கீழே இறங்க ஆரம்பித்தது. என்னால் உட்கார முடியவில்லை. ஒவ்வொருவரையாகச் சட்டையைப் பிடித்து நிறுத்துவது என்று முடிவு செய்து அறையைவிட்டுப் பாய்ந்து ஓடினேன்.

"ரெக்" என்று யாரோ தோளைத் தொட்டார்கள். ஐரீன். "எங்க போற?"

பார்த்தேன். பாதி வழி இறங்கியிருந்தேன். என் கையில் மீட் பை இருந்தது. அதை எப்போது வாங்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஐரீன் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனாள். அப்போது எனக்கு எல்லாம் முடிந்துபோனது. நேராகக் கீழ்முனைக்கு, கோல் கம்பத்துக்குப் பின்னால், தன் இடத்துக்குப் போய் நின்றாள். பக்கத்தில் ஹெர்பி நெல்சன் ஏற்கனவே கம்பியில் முழங்கையை ஊன்றியிருந்தார். ரிட்டயரான பஸ் டிரைவர். முப்பது வருஷமாக ஐரீனும் அவரும் ஒரு சாண் கம்பிக்காக முழங்கையால் போர் நடத்திக்கொண்டிருப்பவர்கள். கழுத்திலிருந்த மஃப்ளரை ஐரீன் அவிழ்த்தாள். கம்பியில் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டாள். திரும்பி மேலே நடக்க ஆரம்பித்தாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் ஹெர்பி.

"ஓட்டுப் போட."

"ரெல்பி ஆட்டம் இது. ரெண்டாவது பாதி."

"தெரியும்."

"உன் எடத்துக்கு நான் பொறுப்பில்ல, சொல்லிட்டேன்."

ஐரீன் நின்றாள். அவள் சத்தம் போடவில்லை. ஆனால் கம்பியில் சாய்ந்திருந்தவர்களுக்கு அடுத்தவர் பேச்சைக் கேட்பதில் முப்பது வருஷப் பழக்கம்.

"அடுத்த வருஷம் இந்தக் கம்பியே இருக்காது, ஹெர்பி. அப்ப எந்த எடத்துல நின்னு என்ன இடிப்ப?"

ஹெர்பி கம்பியைப் பார்த்தார். ஐரீனின் மஃப்ளரைப் பார்த்தார். பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கிற ஆளின் முகத்தோடு இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு தன் மஃப்ளரை அவிழ்த்து அவளுடையதை ஒட்டியே, ஒரு விரல் அளவு அவள் பக்கம் தள்ளிக் கட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் மீட் பையைக் கடித்தபடியே பார்த்துக்கொண்டு நின்றேன். கம்பி நெடுக மஃப்ளர்கள் ஏறின. மஃப்ளர் இல்லாதவர்கள் தொப்பியை மாட்டினார்கள், ஃபிளாஸ்க்கை வைத்தார்கள், குடையைச் செருகினார்கள். ஒருவர் தன் பல்செட்டை வைத்துவிட்டு வந்ததாகப் பின்னால் பேச்சு அடிபட்டது. அது பொய், மூக்குக்கண்ணாடிதான். இறங்கிய கூட்டம் திரும்பி ஏற ஆரம்பித்தது. முழங்கால் வலிக்காரர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, சக்கர நாற்காலிகளைப் பின்னால் இருந்தவர்கள் தள்ள, வழக்கத்துக்கு எதிராக, மேட்டைப் பார்த்து. என்னைக் கடந்த ஒருவர் எந்தப் பக்கம்தான் ஓட்டு என்று கேட்டார். வாய் நிறைய இறைச்சி இருந்ததால் கையைக் காட்டினேன். பென்ஹாலிகன் அதையும் குறித்துக்கொண்டார்.

கீழே நாற்பது, ஐம்பது பேர் நின்றார்கள். அதில் பெண்கள் அணி மொத்தமும் இருந்தது, ஜெர்சியோடு, ஒரே வரிசையில். அவர்களை நான் என்ன குறை சொல்ல முடியும்? வாழைப்பழ வாசனையில் துணி மாற்றுவது நான் இல்லையே. அவர்கள் பக்கத்தில் போகிற கட்சியின் சாட்சியாக, குடையோடு க்ளெனிஸ்.

பென்ஹாலிகன் கையில் சொடுக்கு மிஷினை வைத்துக்கொண்டு முதலில் கீழ்முனையை எண்ணினார். கம்பியில் கட்டிய மஃப்ளர்களையும் ஓட்டாகக் கொள்ள வேண்டுமா என்று என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன். பிறகு அவர் மூச்சு வாங்க மேலே ஏறி வருவதற்குள் இடைவேளை முடிந்து ஆட்டமே தொடங்கிவிட்டது. எண்ணி முடிக்கும்வரை யாரும் நகரக்கூடாது என்பது நானே எழுதிய விதி. அப்படித்தான், தார்னி ஹில்லில் யாருக்கும் நினைவு தெரிந்து முதல்முறையாக, இரண்டாம் பாதியில் கிர்க்பெக் கூட்டம் தன் அணியின் முதுகுக்குப் பின்னால் நின்றது.

லூக் மொசாப் திரும்பிப் பார்த்தான். ஆடும்போது அவன் யாரையும் பார்க்கிறவன் இல்லை.

"நீங்க எல்லாம் இங்க என்னய்யா பண்றீங்க?"

"நீ ஆட்டத்தப் பாரு மாப்ள" என்றார் ஹெர்பி.

ரெல்பிக்கும் இது புதுசு. வழக்கமாக இங்கே இரண்டாம் பாதியில் அவர்கள் மேட்டைப் பார்த்து முட்டுவது காலியான ஒரு சரிவை நோக்கித்தான். ஒரு நாயும் இரண்டு வாத்தும் இருந்தால் அதிகம். இன்று தலையைத் தூக்கினால் மழையில் நனைந்த அறுநூறு முகம், எட்டித் தொடுகிற தூரத்தில். அவர்களுடைய உதைகாரன் பந்தை வைத்துக் குனிந்தபோது எங்கள் ஆட்கள் மொத்தமாக ஆடு மாதிரி கத்தினார்கள். எங்களை ஆடு என்றவர்கள் அவர்கள்தானே. பந்து கம்பத்தை விட்டு விலகிப் பல் டாக்டர் தெருவுக்குப் போனது.

ஆனாலும் ரெல்பி ரெல்பிதான். ஆட்டம் எங்கள் கோட்டை விட்டு அதிகம் நகரவில்லை. வந்து வந்து மோதினார்கள். எங்கள் ஆட்கள் விழுந்து விழுந்து எழுந்தார்கள். ஒரு தடவை லூக்கும் இன்னும் மூவரும் ஒரு ரெல்பிக்காரனை கோட்டுக்கு ஓர் அடி முன்னாலேயே பிடித்து நிறுத்தினார்கள். கூட்டம் போட்ட சத்தத்தில் அவன் பந்தையே நழுவவிட்டான். ஒரே ஒரு தடவை பந்து சரிவில் இறங்கியபோது கிடைத்த பெனால்டியை நாங்கள் உதைத்து, வித்தியாசம் இரண்டு புள்ளிக்குக் குறைந்தது. கீழ்முனையில் நின்றவர்களால் இந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. அவர்களைத்தான் ஏற்கனவே எண்ணியாயிற்றே. ஒவ்வொருவராக மேலே வந்து, கணக்கில் சேராமல் ஓரமாக நிற்க ஆரம்பித்தார்கள். கடைசியில் பெண்கள் அணியும் வந்தது. அவர்களுடைய கேப்டன் என்னைப் பார்த்து விரலை நீட்டினாள்.

"எங்க ஓட்டு அங்கதான் இருக்கு. தொண்ட மட்டும் இங்க."

அந்தத் தொண்டை சாதாரணத் தொண்டை இல்லை.

பென்ஹாலிகன் முந்நூறு வரைக்கும் வந்து கணக்கை விட்டார். மறுபடி ஆரம்பித்தார். ரெல்பி மறுபடி மோதியது, கூட்டம் மறுபடி எம்பியது, கணக்கு மறுபடி போனது. மூன்றாவது தடவை அவரே எம்பி, அவருடைய ஆட்டத்து விதி ஒன்றைச் சொல்லி நடுவரைத் திட்டினார்.

"சார், அது பதினஞ்சு பேர் ஆட்டம்" என்று அவர் தோளில் தட்டினார் ஹெர்பி. "ஆனா நல்லாத்தான் கத்துறீங்க. விடாதீங்க."

அவர் ஒருவழியாக எண்ணி முடித்து என்னிடம் துண்டுச்சீட்டை நீட்டியபோது ஆட்டத்தில் ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லை. இன்னும் அதே இரண்டு புள்ளி பின்னால். ரெல்பி எங்கள் கோட்டருகே கடைசியாக ஒருதரம் பந்தைக் கைமாற்றிக்கொண்டு வந்தது. பந்து ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிற வழியில் எங்கள் ஓரத்து ஆட்டக்காரன் ஆஸ்டின் ஃபெரன் நடுவில் புகுந்தான். தபால்காரன். நாய்களோடு தினமும் பயிற்சி எடுப்பவன். பந்து அவன் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது, அவன் ஓடினான்.

சரிவு முழுவதும் அவனுக்கு முன்னால் கிடந்தது. அத்தனை பேரும் அவன் முதுகைப் பார்த்தோம். ரெல்பிக்காரர்கள் மூன்று பேர் பின்னாலேயே. முதுகு சின்னதானது. மைதானத்தின் நடுவைத் தாண்டியபோது அதன் எண் தெரியவில்லை. அப்புறம் மழை அவர்களை மூடியது. கீழே ஒரு கரும்புள்ளியைச் சுற்றி இன்னும் சில கரும்புள்ளிகள், ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிந்தன. கோட்டுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? ஒருவருக்கும் தெரியவில்லை. நடுவர் இப்போதுதான் சரிவில் பாதி இறங்கியிருந்தார்.

கீழ்முனையில் ஒரே ஒரு ஆள் நின்றிருந்தார். குடையோடு. சாட்சி இடத்தைவிட்டு நகரக்கூடாது என்ற விதியை மதித்த ஒரே கிர்க்பெக்காரர்.

அந்தக் குடை மேலே பறந்தது. க்ளெனிஸ் டைசன் இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கினார், குதித்தார், எங்களைப் பார்த்து ஏதோ கத்தினார், மறுபடி குதித்தார். நடுவர் விசில் ஊதியது அதற்கெல்லாம் அப்புறம்தான். நாங்கள் அதற்குள்ளேயே ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தோம். என்னைக் கட்டிப்பிடித்தது யார் என்று பார்த்தேன். பென்ஹாலிகன்.

ஆட்டத்தின் முடிவுச் சங்குக்குப் பிறகு நான் அறைக்கு ஓடி மைக்கில் ஓட்டெடுப்பு முடிவை வாசித்தேன். ஐந்நூற்றுச் சொச்சம் பேர் இருக்கலாம், நாற்பத்துச் சொச்சம் பேர் போகலாம். யாரும் கேட்கவில்லை. எல்லாரும் கீழே இறங்கிப் போய் அவரவர் இடத்தில் நின்று, மஃப்ளரை அவிழ்த்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அதை மறுபடி ஒருதரம் வாசித்தேன், எனக்காக. குரல் உடைந்ததற்கு மைக் பழசாகிவிட்டதுதான் காரணம்.

கிளப் ஹாலில் அறுபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று தீயணைப்புத் துறையின் பலகை உண்டு. அந்தப் பலகையை மறைத்துக்கொண்டே ஒரு பத்துப் பேர் நின்றிருந்தார்கள். அப்போதுதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. எங்கள் ஆயுளிலேயே பெரிய ட்ரையை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை.

ஆஸ்டினைப் பிடித்து உலுக்கினோம். "ஓடுனேன். போட்டேன்" என்றான். தபால்காரர்களிடம் செய்தி எதிர்பார்க்கக்கூடாது. ரெல்பிக்காரர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். ஒவ்வொரு தலையாக ஜன்னலோர மேஜையைப் பார்த்துத் திரும்பியது. க்ளெனிஸ் ஈரக் கோட்டோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"க்ளெனிஸ்," என்றேன், "சொல்லுங்க."

"என்ன சொல்ல?"

"ட்ரைய."

"ஓ, அதுவா." டீயை ஊதினார். "நான்தான் தோத்த கட்சியாச்சே. தோத்தவங்க பேச்ச யாரு கேப்பா?"

"நாங்க கேப்போம்" என்றது ஹால்.

அவர் என்னைப் பார்த்தார். ஊசி போடுவதற்கு முன்னால் நரம்பைத் தேடுகிற பார்வை.

"இங்கயே இருக்கறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. சரி. இருப்போம். ஆனா நாளைலருந்து பொண்ணுங்க டீம் எங்க துணி மாத்தும், ரெக்? அத மொதல்ல சொல்லுங்க. நான் ட்ரைய அப்புறம் சொல்றேன்."

ஹால் முழுக்க என் பக்கம் திரும்பியது. அவ்வளவு பேர் அவ்வளவு அன்பில்லாமல் என்னைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று. பின்வரிசையிலிருந்து ஐரீனின் குரல், அந்த ரூமைக் கொடுத்துத் தொலை என்றது.

"செயலாளர் ரூம எடுத்துக்கட்டும்" என்றேன்.

"ஹீட்டரோடயா?"

"ஹீட்டரோட."

"கூரை?"

லூக் மொசாப் கையைத் தூக்கினான். அவனுக்குப் பின்னால் தச்சர்கள், ஒரு வெல்டர், ஓடு வேய்கிறவர் இருவர், ஏணி மட்டும் வைத்திருக்கிற ஹெர்பி என்று கைகள் ஏறிக்கொண்டே போயின. பென்ஹாலிகன் பழக்கதோஷத்தில் எண்ண ஆரம்பித்தார்.

க்ளெனிஸ் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். மாடிப்படி வரைக்கும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"மழைல மொதல்ல ஒண்ணும் தெரியல," என்றார். "அவன் கால் சத்தம்தான் கேட்டுச்சு."

பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களைத் தள்ளினார்கள்.